ஜெப்ரி பாவா: முற்றத்தை மறவாத கட்டடக்கலைஞர்

யாழ்ப்பாண நகரிலிருந்து காரைநகர் நோக்கிச் செல்லும் வீதியில் மானிப்பாயைக் கடந்து செல்வோர் இருவகையான வீடுகளைக் காண்பர். அண்மைய ஆண்டுகளில் வெளிநாட்டு உழைப்பில் எழுந்த, கண்ணாடி யன்னல்களும் பளிங்குத் தரையும் கொண்ட மாடி வீடுகள் ஒருபுறம். பூட்டிய படலைக்கு அப்பால் ஓடு சரிந்து, கைமரம் உக்கி, முற்றத்தில் ஆலங்கன்று வேரோடிப் போன பழைய நாற்சார் வீடுகள் மறுபுறம். இரண்டாவது வகை வீடுகளின் உரித்தாளர்களில் பலர் இன்று கனடாவிலோ இலண்டனிலோ கொழும்பிலோ வாழ்கின்றனர். இடித்துவிட்டுக் காணியை விற்பதா, அல்லது திருத்தி விருந்தினர் தங்கும் அழகிய சிறு விடுதியாக்குவதா என்ற கேள்வி அவர்களிற் சிலரிடம் எழுந்திருக்கிறது.

இக்கேள்வி காரணமின்றி எழவில்லை. 2009 ஆம் ஆண்டு போர் முடிவுற்ற பின்னர் யாழ். நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் விடுதிகள் பல தோன்றின. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. கொவிட் தொற்றினால் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமானது. வருகின்ற பயணிகளில் ஒரு சாரார் நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட பெருவிடுதிகளை நாடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு அறைகளோடு, அறைக்கு அறை வேறுபட்டு, அந்த ஊரின் மரமும் மண்ணும் நெசவும் உணவும் தெரியும்படி அமைந்த இடங்களையே அவர்கள் தேடுகின்றனர். பூட்டிக் ஹோட்டல் என்று உலகம் அழைப்பது இவ்வாறான விடுதிகளையே. 1980களில் நியூயோர்க், இலண்டன் போன்ற நகரங்களில் பரவிய பெயர் இது. ஆயினும் அதன் சாரத்தை அதற்கு முன்னரே இலங்கைத் தீவில் செய்துகாட்டிய ஒருவர் இருந்தார். அவர்தான் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா. மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட அம்மனிதரின் வாழ்க்கையை, மானிப்பாயின் பூட்டிய வீடுகளை மனத்திற்கொண்டு மீட்டுப்பார்ப்பது பொருத்தமானது என நாம் கருதுகின்றோம்.

பாவா என்ற பெயர் முஸ்லிம் வாசகர்களுக்கு அந்நியமானதன்று. ஜெப்ரியின் தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தவர். ஐரோப்பிய வழிவந்த பெண்ணொருவரை மணந்தவர். தந்தை பெஞ்சமின் பாவா கொழும்பின் பெயர்பெற்ற சட்டத்தரணிகளில் ஒருவர். தாயார் பேர்த்தா ஷ்ரேடர் பறங்கியர் குடும்பத்தவர். அவருடைய முன்னோரில் ஜேர்மானியரும் ஸ்கொட்லாந்தியரும் சிங்களவரும் இருந்தனர். இத்தனை வழிகள் வந்து கலந்த குடும்பத்தில் 1919 ஜூலை 23 ஆம் திகதி ஜெப்ரி பிறந்தார். எந்த ஓர் இனத்தின் வேலிக்குள்ளும் முழுமையாக அடங்காத பிறப்பு அது. பின்னாளில் அவர் ஒல்லாந்தர் தாழ்வாரத்தையும், கண்டியர் கூரையையும், முஸ்லிம் வீட்டின் உள்முற்றத்தையும், தமிழ்நாட்டின் தூணையும் தயக்கமின்றி ஒரே கூரையின் கீழ் சேர்த்தமைக்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நான்கு வயதை எட்டும் தறுவாயிலேயே தந்தையை இழந்தார். கொழும்பு றோயல் கல்லூரியில் கற்று, கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்று, இலண்டனில் சட்டம் படித்து 1944 ஆம் ஆண்டு பாரிஸ்டரானார். நாடு திரும்பிச் சட்டத்துறையில் சிறிது காலம் பணியாற்றினார். அத்தொழிலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. 1946 ஆம் ஆண்டு தாயாரும் மறைந்தபோது, அனைத்தையும் விட்டுவிட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உலகைச் சுற்றினார். இத்தாலியில் ஏரிக்கரை மாளிகையொன்றை வாங்கி அங்கேயே தங்கிவிடவும் எண்ணினார். அந்த எண்ணம் கைகூடவில்லை. கைகூடியிருந்தால் இலங்கை அவரை இழந்திருக்கும்.

1948 ஆம் ஆண்டு பெந்தோட்டைக்கு அருகே, தெதுவ வாவியின் கரையில், கைவிடப்பட்ட நிலையிலிருந்த இறப்பர்த் தோட்டமொன்றை வாங்கினார். அதற்கு லுனுகங்க என்று பெயரிட்டார். இத்தாலியில் கிடைக்காத தோட்டத்தைத் தன் நாட்டிலேயே உருவாக்குவது அவருடைய கனவாயிற்று. ஆனால் நிலத்தைத் திருத்தவும் வீட்டை மாற்றவும் முயன்றபோது தமக்கு அத்துறையில் முறையான அறிவில்லை என்பதை அவர் உணர்ந்தார். அந்தக் குறைதான் அவரைக் கட்டடக்கலைஞராக்கியது. 1951 ஆம் ஆண்டு கொழும்பிலிருந்த எட்வேர்ட்ஸ், ரீட் அன்ட் பெக் நிறுவனத்தின் எச்.எச். ரீட்டிடம் பயிலுநராகச் சேர்ந்தார். மறுவருடமே ரீட் காலமானார். பின்னர் இலண்டன் சென்று கட்டடக்கலையைப் பயின்று, 1957 ஆம் ஆண்டு தகுதி பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. வாழ்க்கையின் பாதி கடந்த பின்னர் தொழிலைத் தொடங்கிய ஒருவரே ஆசியாவின் தலைசிறந்த கட்டடக்கலைஞர்களுள் ஒருவராக எண்ணப்பட்டார் என்பது இளைஞர்களும் பெற்றோரும் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

அவர் தொழிலில் இறங்கிய காலம் இலகுவானதன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. உருக்கும் கண்ணாடியும் எளிதிற் கிடைக்கவில்லை. மேலைநாட்டில் கற்ற நவீனக் கட்டடக்கலையோ அவ்விரண்டையுமே நம்பியிருந்தது. பாவாவும், 1959 முதல் அவருடன் இணைந்து பணியாற்றிய டென்மார்க் நாட்டவரான உல்ரிக் பிளெஸ்னரும் இத்தட்டுப்பாட்டைச் சாபமாகக் கருதவில்லை. கையில் உள்ள கருங்கல், சுண்ணாம்பு, மரம், களிமண் ஓடு ஆகியவற்றைக் கொண்டே நவீன வாழ்க்கைக்கு ஏற்ற கட்டடங்களை அமைக்க முற்பட்டனர். அதற்கு முன்னோர் என்ன செய்தனர் என்பதை அறிய வேண்டியிருந்தது. பார்பரா சன்சோனி, லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம் ஆகிய கலைஞர்களும் பிளெஸ்னரும் பழைய வீடுகளையும் வழிபாட்டிடங்களையும் தேடிச்சென்று அளந்து வரைந்தனர். சிங்களவரும் முஸ்லிமும் பறங்கியரும் ஐரோப்பியரும் ஒன்றாகச் சேர்ந்து இந்நாட்டின் பழைய சுவர்களை அளவுநாடா கொண்டு அளந்த அந்தப் பணி, பின்னால் வந்த அழகுக்கெல்லாம் அடித்தளமாயிற்று.

1960 ஆம் ஆண்டு தொடங்கிக் கொழும்பு அல்பிரட் பிளேஸில் ஈனா டி சில்வாவுக்கு அவர் அமைத்த வீடு இவ்வழியில் ஒரு திருப்புமுனை. நகரத்தில் காணி சுருங்கிக்கொண்டு வந்த காலம் அது. காணியின் நடுவில் வீட்டை வைத்து நாற்புறமும் வெற்றிடம் விடும் ஆங்கிலேயர் பங்களா முறையைப் பாவா கைவிட்டார். மதிலோடு மதிலாக வீட்டை அமைத்து, வெற்றிடத்தை உள்ளே முற்றமாகக் கொண்டுவந்தார். முற்றத்தில் மரம் நின்றது. சுற்றிவரத் தாழ்வாரம் ஓடியது. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, நிழலிலிருக்கும் குளிர்ந்த காற்று தாழ்வாரங்களினூடாக அறைகளுக்குள் வந்தது. மின்விசிறிக்கும் குளிரூட்டிக்கும் அடிமையாகாத வீடு அது. இவ்விளக்கத்தைப் படிக்கும் மானிப்பாய் வாசகர், இது எங்கள் நாற்சார் வீடல்லவா என்று எண்ணக்கூடும். உண்மைதான். காலியிலும் கொழும்பிலும் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த பழைய வீடுகளின் உள்முற்றமும் அதுதான். பாவா முற்றத்தைக் கண்டுபிடித்தவரல்லர். நாகரிகமற்றது என்று படித்தவர்கள் ஒதுக்கத் தொடங்கிய வேளையில் அதன் பெறுமதியை மீண்டும் உணர்த்தியவர். கூரையிலும் இதே அணுகுமுறையைக் காண்கின்றோம். பீலி ஓட்டுக்கூரை மழைக்கு ஒழுகும் என்பது பழைய குறை. அலைவடிவச் சீமெந்துத் தகட்டை அடியிற் பரப்பி அதன் மேல் அதே ஓட்டை அடுக்கினர். ஒழுக்கு நின்றது; ஓட்டின் அழகும் குளிர்ச்சியும் எஞ்சின.

உல்லாசப் பயணத்துறையை வளர்க்க அரசாங்கம் 1966 ஆம் ஆண்டு சுற்றுலாச் சபையை நிறுவியது. பெந்தோட்டையில் விடுதி அமைக்கும் பொறுப்பு பாவாவிடம் வந்தது. 1969 ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற பெந்தோட்டை பீச் ஹோட்டலே இலங்கையின் நவீன விடுதிக் கட்டடக்கலைக்கு முதலெழுத்து எனலாம். பழைய கோட்டையின் மதிலை நினைவூட்டும் கருங்கல் அடித்தளத்தினூடாக விருந்தினர் நுழைந்தனர். படியேறியதும் மேலே ஈனா டி சில்வா செய்த பத்திக் துணிகள் வண்ண விதானமாக விரிந்தன. நடுவே நீர்த்தடாகத்தோடு கூடிய முற்றம் இருந்தது. கட்டில் விரிப்பும் திரைச்சீலையும் உள்ளூர்க் கைத்தறி. சிற்பங்கள் லக்கி சேனநாயக்கவின் கைவண்ணம். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு வெளிநாட்டையே மீண்டும் காட்ட வேண்டும் என்ற எண்ணம் மேலோங்கியிருந்த காலத்தில், இந்நாட்டின் வீடொன்றுக்கு வந்திருக்கிறோம் என்ற உணர்வை அவர் அவர்களுக்குக் கொடுத்தார். அக்கட்டடம் அண்மைய ஆண்டுகளில் பெருமளவு மீளக் கட்டப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

பிறநாட்டு அறிவை உள்ளூர் மொழியில் பேசவைக்க முடியும் என்பது மானிப்பாய்க்குப் புதிய செய்தியன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1840களின் இறுதியில் மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கி, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழில் பயின்ற வைத்தியர்களை உருவாக்கினார். அறிவு எங்கிருந்து வந்தாலும் அது ஊரின் மொழியில் வேர்விட்டாலே ஊருக்குப் பயன்படும் என்பது அவருடைய நம்பிக்கை. கிறீன் மருத்துவத்தில் செய்ததை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் பாவா கட்டடத்தில் செய்தார் என்று கொள்வது மிகையாகாது.

இன்று உட்புற அலங்காரம் என்றதும் கடையில் வாங்கும் பொருட்களே நம் நினைவுக்கு வருகின்றன. பாவாவுக்கு உட்புறம் என்பது சுவர் எழுப்பிய பின்னர் சேர்க்கும் பூச்சன்று. எந்த வாயிலில் நின்றால் எந்த மரம் தெரியும், எந்த இருட்டைக் கடந்து எந்த வெளிச்சத்துக்கு வருகின்றோம், உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் என்ன இருக்கிறது என்பவற்றை அவர் நிலத்தில் நின்றே தீர்மானித்தார். கொழும்பு பகத்தல வீதியின் 33 ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை 1950களின் இறுதியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று, அவற்றைத் தமது ஒரே இல்லமாக இணைத்தார். வெள்ளைச் சுவர், நீண்ட நடை, வானம் தெரியும் சிறுசிறு முற்றங்கள், ஆங்காங்கே ஒரு பழைய கதவு, செட்டிநாட்டுத் தூண்கள் என்பவையே அதன் அலங்காரம். விலையுயர்ந்த பளபளப்பு எதுவும் அங்கில்லை. 1970களில் தமிழ்நாட்டிலும் அவர் பணியாற்றினார். மதுரையில் ஆலை நிறுவனமொன்றுக்காக அமைத்த மதுரை கிளப்பும், சென்னையின் கன்னிமாரா விடுதியின் புனரமைப்பும் அக்காலத்தவை.

இவ்விடத்தில் தமிழர்களாகிய நாமே மறந்துவிட்ட ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். 1967 ஆம் ஆண்டு பிளெஸ்னர் நாடு திரும்பிய பின்னர் நிறுவனத்தில் பாவாவின் பங்காளராக இருந்தவர் பொறியியலாளர் கலாநிதி கே. பூலோகசுந்தரம். பாவாவின் கற்பனைகளைத் தாங்கிய தூண்களின் பலத்தையும் கூரைகளின் அகலத்தையும் கணக்கிட்டு, நிறுவனத்தின் நிர்வாகத்தையும் சுமந்தவர் அவர். 1982 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையின் பாராளுமன்றக் கட்டடமும், மாத்தறையின் ருகுணு பல்கலைக்கழக வளாகமும் இவ்விருவரும் இணைந்திருந்த காலத்தின் பெரும்பணிகள். பாவாவைப் பற்றி எழுதப்படும் புகழுரைகளில் பூலோகசுந்தரத்தின் பெயர் ஒரு வரியோடு கடந்துபோகிறது. கட்டடத்தின் அழகு கண்ணுக்குத் தெரியும். அதனைத் தாங்கும் கணக்கு தெரிவதில்லை. ஒரு தமிழ்ப் பொறியியலாளரின் உழைப்பும் கலந்து எழுந்த பாராளுமன்றம் திறந்து அடுத்த ஆண்டே, 1983 ஜூலையில், கொழும்பின் தெருக்களில் தமிழரின் வீடுகள் எரிந்தன என்பதையும் நாம் மறந்துவிட முடியாது.

1983க்குப் பின்னர் உல்லாசப் பயணத்துறை வீழ்ந்தது, பணிகளும் அருகின. 1989 ஆம் ஆண்டளவில் பழைய நிறுவனத்திலிருந்து விலகிய பாவா, எழுபது வயதில் தமது இல்லத்திலிருந்தே சில இளைஞர்களோடு மீண்டும் தொடங்கினார். அதன் பின்னரே கண்டலம விடுதி பிறந்தது. சிகிரியாவின் அடிவாரத்தில் விடுதி அமைப்பதே முதலில் இருந்த திட்டம். பாவா அதனை விரும்பவில்லை. தம்புள்ளைக்கு அருகே, சிகிரியாவைத் தொலைவில் காணக்கூடிய கண்டலமக் குளக்கரையை அவர் தெரிவுசெய்தார். காடும் குளமும் கெடும் என்று பௌத்த மதகுருமாரும் சூழலியலாளர்களும் கடுமையாக எதிர்த்தனர். 1994 ஆம் ஆண்டு விடுதி நிறைவுற்றது. மலைப்பாறையின் வளைவைத் தழுவி ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடும் கட்டடம், சில ஆண்டுகளில் கொடிகளால் மூடப்பட்டுக் காட்டினுள் மறைந்துபோனது. குகைபோன்ற வாயிலினூடாக நுழைபவர் பாறையைக் கடந்து சென்று திடீரெனக் குளத்தைக் காண்கிறார். காலிக்கு அருகே பாறைக் கரையில் 1997 ஆம் ஆண்டு நிறைவுற்ற லைட்ஹவுஸ் விடுதியில், கண்டிப் படைகளுக்கும் போர்த்துக்கேயருக்கும் இடையிலான போரைச் சித்திரிக்கும் லக்கி சேனநாயக்கவின் உலோக உருவங்கள் சுழல்படியோடு ஏறிச்செல்கின்றன.

இவையனைத்தையும் போற்றும் வேளையில் குறைகளையும் சொல்வதே நேர்மை. பாவா பெரும்பாலும் வசதி படைத்தவர்களுக்கும் அரசுக்கும் விடுதி உரிமையாளர்களுக்கும் கட்டியவர். அவர் அமைத்த விடுதிகளின் ஓரிரவுக் கட்டணம், அவற்றின் வேலிக்கு வெளியே வாழும் மீனவரின் பல நாள் உழைப்புக்குச் சமம். பழைய வீடுகளின் தூணையும் கதவையும் வாங்கிப் புதிய இடங்களில் பொருத்தும் வழக்கத்துக்கும் அவர் ஒரு முன்னோடி. அவர் கையில் அது கலையாக இருந்தது. அவரைப் பின்பற்றியோர் கையில் அது வியாபாரமாயிற்று. எங்கோ ஓரிடத்தில் அழகிய பழைய கதவு பொருத்தப்படுகிறது என்றால், வேறோரிடத்தில் ஒரு வீடு கதவை இழந்திருக்கிறது என்பதே பொருள். அந்த வேறோரிடம் பல வேளைகளில் வடக்காகவே இருந்தது.

1998 ஆம் ஆண்டு பாரிசவாதம் பாவாவைத் தாக்கியது. உடல் முடங்கியது, பேச்சும் போனது. 2001 ஆம் ஆண்டு, முஸ்லிம் உலகின் கட்டடக்கலைக்கென நிறுவப்பட்ட ஆகா கான் விருதின் தலைவர் விருது அவருடைய வாழ்நாள் பணிக்காக வழங்கப்பட்டது. அதற்கு முன்னர் அவ்விருதைப் பெற்றவர்கள் எகிப்தின் ஹசன் பத்ஹியும் ஈராக்கின் ரிபாத் சாதிர்ஜியும் மட்டுமே. முஸ்லிம் பாட்டனாரின் பேரனுக்கு அந்த மதிப்பு கிடைத்தமை ஒரு வட்டம் நிறைவடைந்ததைப் போன்றது. விருது விழா நடைபெற்ற இடம் சிரியாவின் அலெப்போக் கோட்டை. அந்நகரின் பழைய முற்ற வீடுகள் பல அப்போது அழகிய சிறு விடுதிகளாகி உலகைக் கவர்ந்துகொண்டிருந்தன. 2012 இல் தொடங்கிய சண்டையில் அப்பழைய நகரம் பேரழிவுக்குள்ளானது. போர் எதையெல்லாம் தின்னும் என்பது யாழ்ப்பாணத்தவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

2003 மே 27 ஆம் திகதி பாவா மறைந்தார். அவருடைய இறுதிக்கிரியை லுனுகங்கவிலேயே நடைபெற்றது. அரை நூற்றாண்டு காலம் அவர் செதுக்கிய அத்தோட்டம் அறக்கட்டளையின் பொறுப்பில் பேணப்பட்டு, சில அறைகளே கொண்ட விருந்தினர் விடுதியாகவும் திகழ்கிறது. ஈனா டி சில்வாவின் வீடு கொழும்பில் இருந்த இடத்தை இழக்க நேர்ந்தபோது, கல்லும் மரமும் ஓடும் எண்ணிடப்பட்டுக் கழற்றப்பட்டு லுனுகங்கவில் மீண்டும் எழுப்பப்பட்டது. மனம் இருந்தால் ஒரு வீட்டை இவ்வளவு தூரம் காப்பாற்றலாம்.

அவருடைய மறைவுக்குப் பின்னர் காலிக் கோட்டையில் நிகழ்ந்ததையும் இங்கு நோக்க வேண்டும். 1988 ஆம் ஆண்டு உலக மரபுரிமைத் தலமான அக்கோட்டைக்குள் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கம் முதல் வெளிநாட்டவரும் கொழும்புச் செல்வந்தரும் அங்குள்ள வீடுகளை வாங்கத் தொடங்கினர். மாணிக்க வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பமொன்றின் மாளிகை உட்படப் பல வீடுகள் பூட்டிக் ஹோட்டல்களாயின. கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, சிதைந்திருந்த சுவர்கள் மீண்டும் வெண்மை பெற்றன. ஆனால் வீட்டை விற்றுச் சென்றவர்களின் பிள்ளைகள் அந்த ஒழுங்கைகளில் இனி விளையாடுவதில்லை. விற்றவர்கள் விரும்பியே விற்றனர். நல்ல விலையும் பெற்றனர் என்பது உண்மை. ஆயினும் சுவர் மட்டும் எஞ்சி ஊர் கலைந்துபோவதை முழுமையான காப்பு என்று நாம் கொள்ள மாட்டோம்.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு கடனும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகளால் யாழ். நகரின் முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவின் வீடுகள் வெறிச்சோடின. ஓடும் மரமும் கதவும் யன்னலும் கழற்றிச் செல்லப்பட்டன. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த தமிழரின் வீடுகளுக்கும் இதே கதி நேர்ந்தது. மீண்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் பல, கூரையற்ற சுவர்களையே கண்டன. ஆகவே வடக்கின் பழைய வீடுகளைப் பற்றிப் பேசும்போது மானிப்பாயின் நாற்சார் வீட்டையும் சோனகத் தெருவின் முற்ற வீட்டையும் பிரித்துப் பேச முடியாது. இரண்டும் ஒரே வெயிலுக்கும் ஒரே மழைக்கும் ஏற்றவாறு ஒரே வகைக் கைவினைஞர்களால் கட்டப்பட்டவை. ஒன்று காக்கப்பட வேண்டியதென்றால் மற்றையதும் காக்கப்பட வேண்டியதே.

மானிப்பாயின் உரித்தாளர்களுக்குப் பாவாவின் வாழ்க்கை சொல்லும் செய்தி எளியது. முதலில் அளந்து வரையுங்கள். வீடு நிற்குமா விழுமா என்பது தெரியாத நிலையிலும் அதன் அளவுகளும் படங்களும் எஞ்சட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களும் பாடசாலைகளும் பிரதேச சபையும் இணைந்தால் சில ஆண்டுகளில் முடிக்கக்கூடிய பணி இது. இரண்டாவது, விடுதியாக்குவதென்றால் வீட்டின் இயல்புக்கு ஏற்ப ஆக்குங்கள். முற்றத்துக்குக் கண்ணாடி போட்டு மூடிக் குளிரூட்டி பொருத்துவதில் பயனில்லை. வழிப்போக்கர் இளைப்பாறவென்றே படலையில் கூரை வேய்ந்து சங்கடப்படலை அமைத்த சமூகம் நாம். விருந்தோம்பலை எவரிடமும் கடன்வாங்க வேண்டிய தேவை நமக்கில்லை.

மூன்றாவது, கைவினைஞரை மறவாதீர்கள். பாவாவின் விடுதிகளுக்குத் துணிகள் தேவைப்பட்டதால் பல பெண்களின் தறிகளும் பத்திக் பட்டறைகளும் இயங்கின. பனையோலை பின்னுவோரும் தச்சரும் ஓடு வேய்வோரும் வடக்கில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்கு வேலை கொடுக்காத அலங்காரம் கொழும்புக் கடையின் விலைச்சீட்டு மட்டுமே. நான்காவது, கிணற்றை நினைத்துப்பாருங்கள். குடாநாட்டு மக்கள் சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் மழைநீரை நம்பியே வாழ்கின்றனர். பத்து அறைகளுக்கு ஒரு நீச்சல் தடாகம் என்று ஒவ்வொருவரும் கட்டத் தொடங்கினால் அயல்வீட்டுக் கிணறுதான் முதலில் உவராகும்.

எல்லா வீடுகளும் விடுதிகளாக வேண்டும் என்பது நமது கருத்தன்று. சில வீடுகளில் மீண்டும் குடும்பங்கள் வாழட்டும், சில வாசிகசாலைகளாகட்டும், சில, ஆண்டுக்கொருமுறை வரும் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருக்கட்டும். விற்க வேண்டிய நிலையிலுள்ளவரைக் குற்றஞ்சாட்டவும் நாம் முன்வரவில்லை. ஆனால் கதவைக் கழற்றித் தனியாக விற்பதற்கு முன்னர் ஒருமுறை அந்த முற்றத்தில் நின்று பார்க்க வேண்டும். ஜெப்ரி பாவா தமது வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் கட்டியது அந்த முற்றத்தைத்தான். உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து, பணம் கொடுத்து, ஓரிரவேனும் தங்க விரும்பும் அந்த இடம் மானிப்பாயில் பல வீடுகளில் ஏற்கனவே இருக்கிறது. கைமரம் முழுதாக உக்கி விழுவதற்கு முன்னர் உரித்தாளர்கள் வந்து படலையைத் திறக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.